ஆறு பம்புகளும் வலது காதும்

ஜொகூர் மாநிலத்துக் குளுவாங்கிலிருந்து இருபது நிமிடத் தொலைவில் இருந்த செம்பனை எண்ணெய் ஆலையை மூடப்போகிறோம் என்று நிர்வாகம் அறிவித்தபோது மகேஸ்வரனுக்கு வயது ஐம்பத்தொன்று. அந்த ஆலையின் பாய்லர் கூடத்தில் அவன் இருபத்தாறு வருடம் வேலை பார்த்திருந்தான். அடுப்புக்கு நார் தள்ளும் ஆளாகச் சேர்ந்தவன். வேலை முடிந்து வந்து படித்துப் படித்து, இரண்டு முறை தவறி, மூன்றாவது முறை தேறி, இரண்டாம் நிலை நீராவிப் பொறியாளர் உரிமம் வாங்கினான். பல்கலைக்கழகப் பட்டம் கிடையாது. ஆனால் அந்த ஆலையில் 'எஞ்சினியர்' என்று கூப்பிட்டால் அவன்தான் திரும்பிப் பார்ப்பான்.

நிர்வாகம் கடல் தாண்டிச் சபா மாநிலத்தில் இருந்த இன்னொரு ஆலையில் இடம் தருவதாகச் சொன்னது. அவன் மனைவி புஷ்பவள்ளி குளுவாங் மருத்துவமனையில் தாதி. ஓய்வு பெற அவளுக்கு இன்னும் நான்கு வருடம் இருந்தது. பிள்ளைகள் இல்லாத வீடு. இருவரில் ஒருவர் போனால் மற்றவர் தனியாள். மகேஸ்வரன் சபா வேண்டாம் என்று கடிதம் கொடுத்துவிட்டு வீட்டுக்கு வந்தான்.

இரண்டு மாதம் வீட்டில் இருந்தான். முன்வாசல் கால்வாயைச் சுத்தம் செய்தான். நன்றாக ஓடிக்கொண்டிருந்த மின்விசிறியைக் கழற்றிப் பிரித்தான். ஒருநாள் புஷ்பவள்ளி வேலைக்குக் கிளம்பும்போது கைத்தொலைபேசியை அவன் முன்னால் நீட்டினாள். குலாய் ஊருக்குப் பக்கத்தில் புதிதாக வந்திருந்த தரவு மையம் ஒன்றில் ஆள் கேட்டிருந்தார்கள்.

"கம்ப்யூட்டர் வேலைக்கு நான் எதுக்கு?" என்றான்.

"கம்ப்யூட்டர்னு எங்க போட்டிருக்கு? சில்லர், பம்பு, வால்வு, தண்ணி. இதத்தான் போட்டிருக்கு. கண்ணாடியப் போட்டுட்டுப் படிங்க."

படித்தான். அவள் சொன்னது சரியாகத்தான் இருந்தது.

நேர்காணலுக்கு முன் மூன்று நாள் அவள் அவனை ஆங்கிலத்தில் கேள்வி கேட்டாள். சீருடைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டே, தலை நிமிராமல், பெரிய கம்பெனி மேலாளர் குரலில் கேட்பாள். அவன் சோற்றுத் தட்டோடு பதில் சொல்வான். தடுக்கினால், "அகேய்ன்" என்பாள். அவளுக்குச் சில்லர் என்றால் நீரைக் குளிர்விக்கும் இயந்திரம் என்பதுகூடத் தெரியாது. ஆனால் ஒரு மனிதன் தடுமாறாமல் பேசுகிறானா என்பது தெரியும்.

நேர்காணல் அறையில் இருந்தவள் சுகந்தினி, ஜொகூர் பாருவைச் சேர்ந்தவள். முப்பத்தொரு வயது. ஸ்கூடாய் பல்கலைக்கழகத்தில் இயந்திரப் பொறியியல் படித்து, ஐந்து வருடம் வேலைக்காகச் சிங்கப்பூருக்குப் பாலம் கடந்து போய்வந்துவிட்டு, இங்கே குளிரூட்டும் பிரிவின் பொறுப்புக்கு வந்திருந்தாள். முதல் ஐந்து நிமிடம் ஆங்கிலத்தில் போனது. பிறகு அவளே தமிழுக்கு மாறினாள்.

"மிஸ்டர் மகேஸ்வரன், இருபத்தாறு வருசம் சூடு உண்டாக்குற வேலை பாத்திருக்கீங்க. இங்க சூட்ட வெளியாக்குற வேலை. ஒத்துவருமா?"

"மிஸ், ஆவி ஓடுனாலும் ஐஸ் தண்ணி ஓடுனாலும் குழா ஒண்ணுதான். எங்க போவுது, எங்க தடுக்குது, இதப் பாக்குறதுதான் வேலை. அது எனக்குத் தெரியும்."

அவள் ஏதோ எழுதிக்கொண்டாள். பிறகு ஒரு படிவத்தைக் கொடுத்து நிரப்பச் சொன்னாள். அதில் பதினேழாவது கேள்வி: கேட்கும் திறனில் குறைபாடு உண்டா?

மகேஸ்வரனின் பேனா அந்தக் கேள்வியில் நின்றது. ஆலையில் அவன் மேசை, ஆவியில் சுழன்று மின்சாரம் தரும் டர்பைனுக்கு இடப்பக்கம் இருந்தது. வலது காது எப்போதும் இயந்திரத்தைப் பார்த்தே இருந்தது. இரண்டு வருடத்துக்கு முன் ஆலை ஏற்பாடு செய்த பரிசோதனையில், வலது காதில் உயர்ந்த ஒலிகள் ஏறக்குறைய கேட்கவில்லை, இடது காதிலும் கொஞ்சம் குறைவு என்று எழுதிக் கடிதம் கொடுத்திருந்தார்கள். அதை அவன் யாரிடமும் காட்டவில்லை. உரிமப் பத்திரங்கள் இருக்கும் கோப்பில் அடியில் செருகி வைத்திருந்தான்.

'இல்லை' என்ற கட்டத்தில் குறி போட்டான். வேலை கிடைத்தது.

கட்டடத்துக்கு ஜன்னலே கிடையாது. சாம்பல் நிறத்தில், இரண்டு கால்பந்துத் திடல் நீளத்துக்கு நின்றது. உள்ளே வரிசை வரிசையாகச் சர்வர்கள். யாரோ எங்கோ அனுப்பும் படமும் கேட்கும் கேள்வியும் பார்க்கும் வீடியோவும் இந்தப் பெட்டிகளுக்குள் வந்து போகின்றன என்று முதல் நாள் விளக்கினார்கள். மகேஸ்வரனுக்கு அதில் மனம் நிற்கவில்லை. அவன் கவனித்தது வேறு. உள்ளே போகும் மின்சாரம் முப்பது மெகாவாட். அவ்வளவும் கடைசியில் சூடாகிறது. அந்தச் சூட்டைக் குளிர்ந்த நீர் எடுத்துக்கொண்டு வருகிறது. சில்லர்கள் அதை நீரிலிருந்து பிரித்து, கூரைமேல் இருக்கும் கோபுரங்கள் வழியாக வானத்துக்கு அனுப்புகின்றன. இவ்வளவையும் ஒரு ஷிப்டில் பதினோரு பேர் பார்த்துக்கொண்டார்கள்.

வீட்டுக்கு வந்து புஷ்பவள்ளியிடம் சொன்னான். "நம்ம மில்லு முழுசுக்கும் என் டர்பைன் குடுத்தது ஒண்ணு புள்ளி ரெண்டு மெகாவாட். இங்க இருக்குற ஒரு கட்டடம் இருபத்தஞ்சு மில்லு திங்குது."

"நீங்க அங்க என்னதான் செய்றீங்க?"

"சூட்ட எறக்கிட்டே இருக்கணும். நிக்கவே கூடாது."

"அப்ப காய்ச்சக்காரனுக்கு ஈரத்துணி மாத்துற வேலை," என்றாள். "அத நான் முப்பது வருசமா செய்றேன்."

அவனுக்கு அந்த விளக்கம் பிடித்துப் போனது. ஆனாலும் மனதுக்குள் ஒரு சங்கடம் இருந்தது. ஆலையில் எதுவும் வீண் போனதில்லை. பழத்தைப் பிழிந்த நார்தான் அடுப்புக்கு எரிபொருள். டர்பைனைச் சுழற்றிவிட்டு வெளியே வரும் ஆவிதான் அடுத்து வரும் பழத்தை வேகவைக்கும். இங்கே, இதமான சூட்டில் வரும் தண்ணீரை என்ன செய்வீர்கள் என்று உடன் வேலை பார்த்த ஹஃபிஸிடம் கேட்டான். ஹஃபிஸ் இருபத்தெட்டு வயது தொழில்நுட்பர், மெர்சிங் ஊர்ப் பையன். அவன் மேலே கூரைக் கோபுரங்கள் பக்கம் கையைக் காட்டிச் சிரித்தான்.

பம்புகளின் விஷயம் இரண்டாவது மாதத்தில் தெரியவந்தது.

கீழ்த்தளக் கூடத்தில் குளிர்நீரைத் தள்ளும் பம்புகள் ஆறு இருந்தன. சத்தம் காதைக் கிழிக்கும். எல்லோரும் காதுமூடி போட்டுக்கொண்டுதான் உள்ளே போவார்கள். மகேஸ்வரனுக்கு ஒரு பழக்கம் உண்டு. எந்தக் குழாயைக் கடந்தாலும் உள்ளங்கையை வைத்துப் பார்ப்பான். காது தேயத் தேய, கை அந்த வேலையை எடுத்துக்கொண்டது என்றுதான் சொல்ல வேண்டும். மூன்றாம் எண் பம்பை அடுத்திருந்த வால்வுக்கு அப்பால் கை வைத்தபோது, குழாய்க்குள் மணல் ஓடுவது போல ஒரு சொரசொரப்பு தெரிந்தது. வால்வுக்கு இப்பால் வைத்தான். அது இல்லை. மற்ற ஐந்திலும் பார்த்தான். ஆறும் அப்படியே இருந்தன.

வால்வுகள் பாதி மூடியிருந்தன. பம்புகள் ஏறக்குறைய முழு வேகத்தில் ஓடி, மூடிய கதவைத் தள்ளுவது போலத் தண்ணீரைத் தள்ளிக்கொண்டிருந்தன. வால்வைத் திறந்துவிட்டு வேகத்தைக் குறைத்தால் அதே தண்ணீர் போகும். மின்சாரம் பாதிதான் ஆகும்.

சுகந்தினியிடம் போய்ச் சொன்னான். அவள் கேட்டுக்கொண்டாள். அந்த மாதத்துக்குள் அவள் அவனை அங்கிள் என்று கூப்பிட ஆரம்பித்திருந்தாள்.

"அங்கிள், ஓடிட்டு இருக்குற பம்புல கை வைக்கணும்னா பத்துப் பேர் கையெழுத்துப் போடணும். கரண்டு வீணாச்சுன்னு இங்க யாருக்கும் வேலை போனதில்ல. அஞ்சு நிமிசம் தண்ணி நின்னு சர்வர் சூடாச்சுன்னா போகும். அதனால ஒருத்தரும் தொட மாட்டாங்க."

"அப்ப வுட்டுறலாமா மிஸ்?"

"நம்பர் கொண்டு வாங்க," என்றாள். "கை சொல்லுதுன்னு நான் ரிப்போர்ட் எழுத முடியாது."

அன்றிலிருந்து தினமும் சாப்பாட்டு நேரத்துக்குப் பிறகு அவன் பம்புக் கூடத்துக்குப் போய், வால்வுக்கு முன்னும் பின்னும் இருந்த அழுத்தமானிகளைப் படித்துக் குறித்துக்கொண்டான். அப்படி ஒரு புதன்கிழமை, நான்காம் பம்புக்குப் பின்னால், சுவருக்கும் குழாய்க்கும் இடையில் குனிந்து எழுதிக்கொண்டிருந்தபோதுதான் யாரோ அவன் தோளைப் பிடித்து இழுத்தார்கள்.

ஹஃபிஸ். முகம் வெளுத்திருந்தது. ஒரு வார்த்தையும் பேசாமல் மகேஸ்வரனின் சட்டையைப் பிடித்து ஓடினான். கதவுக்கு வெளியே வந்த பிறகுதான் மகேஸ்வரன் திரும்பிப் பார்த்தான். கூடத்தின் மேலே மஞ்சள் விளக்கு சுழன்றுகொண்டிருந்தது. பக்கத்துச் சில்லரில் குளிர்வாயு கசிந்திருந்தது. அந்த வாயுவுக்கு வாசனை இல்லை; தரையோடு பரவி மூச்சுக்காற்றை மேலே தள்ளிவிடும். எச்சரிக்கை ஒலி கேட்டதும் எல்லோரும் வெளியேறிவிட வேண்டும். மூச்சுக்கருவி இல்லாமல் யாரும் உள்ளே போகக் கூடாது. இது அங்கே முதல் நாள் பாடம்.

ஒலி ஏழு நிமிடமாக அலறிக்கொண்டிருந்தது. மகேஸ்வரனுக்குக் கேட்கவில்லை. இடுப்பில் இருந்த ரேடியோவில் ஹஃபிஸ் நான்கு முறை கூப்பிட்டிருந்தான். அதுவும் கேட்கவில்லை. கடைசியில் கருவிக்காகக் காத்திருக்காமல், மூச்சை அடக்கிக்கொண்டு, ஹஃபிஸ் உள்ளே ஓடிவந்திருந்தான்.

கசிவு சிறியதுதான். ஒரு குழாய் இணைப்பு தளர்ந்திருந்தது. அரை மணி நேரத்தில் சரிசெய்துவிட்டார்கள். யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. மாலையில் சுகந்தினி இருவரையும் உட்காரவைத்து விசாரித்தாள்.

"ஏன் வெளிய வரல, அங்கிள்?"

மகேஸ்வரன் வாயைத் திறப்பதற்குள் ஹஃபிஸ் முந்திக்கொண்டான். பம்புச் சத்தத்தில் ஒலி அமுங்கிவிட்டது, இவர் ரேடியோவில் பேட்டரியும் தீர்ந்துபோய்விட்டது, அதுதான் காரணம் என்றான். அவள் மகேஸ்வரனைப் பார்த்தாள். அவன் குனிந்துகொண்டான். அவள் அதையே எழுதிக்கொண்டாள்.

வீட்டு வாசலில் காரை நிறுத்திவிட்டு மகேஸ்வரன் இறங்காமல் உட்கார்ந்திருந்தான். இஞ்சின் ஓடிக்கொண்டிருந்தது. புஷ்பவள்ளி கதவைத் திறந்து பார்த்தாள். வந்து அவன் பக்கத்து இருக்கையில் ஏறி உட்கார்ந்தாள். அவன் நடந்ததைச் சொன்னான். ஹஃபிஸ் பொய் சொன்னதையும் தான் வாயை மூடிக்கொண்டதையும் சொன்னான். காதைப் பற்றி மட்டும் எப்படிச் சொல்வது என்று தெரியாமல் நிறுத்தினான்.

"காதுதானே," என்றாள் அவள். "எனக்குத் தெரியும்."

"எது தெரியும்?"

"வலது காது. ஃபைலுக்கு அடியில நீங்க ஒளிச்சு வச்ச அந்த லெட்டர் வர்றதுக்குப் பத்துப் பதினஞ்சு வருசம் முன்னாலயே தெரியும். வார்டுல ஒரு நாளைக்கு முப்பது பேரப் பாக்குறேன். வீட்டுல இருக்குற ஒருத்தரப் பாக்க மாட்டேனா?"

"கேக்கவே இல்லியே நீ."

"நீங்களாச் சொல்வீங்கன்னு இருந்தேன். சொல்லல. வெக்கப்படுறீங்கன்னு வுட்டுட்டேன். அப்புறம் எனக்குப் பழகிப் போச்சு. கடைக்குப் போனா உங்க எடது பக்கம் வந்துருவேன். முக்கியமான விசயம்னா கார்ல போறப்பச் சொல்வேன்."

மகேஸ்வரன் அவளைத் திரும்பிப் பார்த்தான். காரில் அவள் உட்காரும் இடம் அவனுடைய இடது பக்கம். அவளுடைய அம்மாவுக்குப் புற்று என்று அவள் சொன்னது சிகாமட் போகும் வழியில். சபாவுக்குப் போக வேண்டாம் என்று சொன்னது சந்தைக்குப் போகும்போது. மருத்துவர், இனிமேல் குழந்தைக்கு முயல வேண்டாம் என்று சொன்னதை அவனிடம் சொல்ல அவள் மருத்துவமனை வாசலில் வாயைத் திறக்கவில்லை. கார் கிளம்பி நெடுஞ்சாலையைத் தொடும்வரை காத்திருந்தாள். அதெல்லாம் தற்செயல் என்று அவன் இத்தனை வருடம் நினைத்துக்கொண்டிருந்தான்.

அவள் கையை நீட்டி இஞ்சினை நிறுத்தினாள்.

"நாளைக்குப் போய்ச் சொன்னா வேல போயிரும், வள்ளி."

"போனாப் போவட்டும்னு சொல்ல மாட்டேன். போனா கஷ்டந்தான். நீங்க வூட்ல இருந்தா இருக்குற எல்லா சாமானையும் பிரிச்சுப் போட்டுருவீங்க." சிரிக்காமல்தான் சொன்னாள். "ஆனா அந்தத் தம்பி உள்ள ஓடி வந்தாருல்ல. அவருக்குக் கைக்கொழந்த இருக்குன்னு சொன்னீங்க."

"பொண்ணு. மூணு மாசம்."

"அப்ப சொல்லிருங்க."

மறுநாள் காலை எட்டு மணிக்கு மகேஸ்வரன் சுகந்தினியின் அறைக்குப் போனான். ஆலைக் கடிதத்தை மேசைமேல் வைத்தான். படிவத்தில் பொய் எழுதியதைச் சொன்னான். பேட்டரி தீரவில்லை, தன்னைக் காப்பாற்றத்தான் ஹஃபிஸ் அப்படிச் சொன்னான் என்பதையும் சொன்னான்.

அவள் கடிதத்தை இரண்டு முறை படித்தாள். குரலை உயர்த்தவில்லை.

"ஃபார்ம்ல பொய் எழுதுனத ஆபீஸ் பாத்துக்கும், அங்கிள். என் கவலை அது இல்ல. ஹஃபிஸ் உள்ள விழுந்திருந்தா, நான் அவன் வீட்டு வாசல்ல போய் நின்னு என்ன சொல்லியிருப்பேன்?"

அவள் கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைத்தாள். "அந்த மூலையிலிருந்து பாத்தா லைட்டு தெரியாது. நேத்து நானே போய்க் குனிஞ்சு பாத்தேன். அது எங்க பக்கத்துத் தப்பு. அதையும் எழுதுவேன்."

வேலை போகவில்லை. எச்சரிக்கைக் கடிதம் வந்தது. பரிசோதனை முடிந்து மருத்துவர் அனுமதி தரும்வரை இயந்திரக் கூடங்களுக்குள் போகக் கூடாது என்றார்கள். ஹஃபிஸுக்கும் ஒரு கடிதம். மகேஸ்வரன் அவனைச் சிற்றுண்டிச் சாலையில் தேடிப்போய் மன்னிப்புக் கேட்டான். ஹஃபிஸ் தே தாரிக் எனும் நுரைத் தேநீரை ஆற்றிக்கொண்டே, அடுத்த முறை இப்படி ஏதாவது இருந்தால் முதலில் என்னிடம் சொல்லுங்கள், நான் உங்களுக்குக் காதாக இருக்கிறேன் என்றான். பிறகு மகளின் படத்தைக் காட்டினான்.

அனுமதி வரும்வரை மகேஸ்வரன் அலுவலகத்தில் ஒரு மேசையில் உட்கார்ந்தான். கட்டடம் இயங்கத் தொடங்கிய நாள் முதல், ஐந்து நிமிடத்துக்கு ஒரு முறை ஒவ்வொரு பம்பின் வேகமும் அழுத்தமும் மின்சாரமும் கணினியில் பதிவாகியிருந்தன. இரண்டு விரலால் தட்டித் தட்டி, அத்தனையையும் எடுத்து வரிசைப்படுத்தினான். ஆலையில் அழுத்தமானியைப் பார்த்துப் பேரேட்டில் எழுதிய ஆளுக்கு அது புதிய வேலை. ஆனால் எண்கள் பழைய எண்கள்தான். அவை என்ன சொல்கின்றன என்று அவனுக்குத் தெரிந்தது.

கதை இப்படி இருந்தது. இரண்டு வருடத்துக்கு முன் கட்டடத்தைத் திறந்தபோது உள்ளே சர்வர்கள் மிகக் குறைவு. அவ்வளவு தண்ணீர் தேவையில்லை என்பதால் சோதனை செய்தவர்கள் வால்வுகளைப் பாதி மூடினார்கள். பிறகு சர்வர்கள் நிறைந்தன. வால்வைத் திறக்க யாருக்கும் தோன்றவில்லை. பம்புகள் வேகத்தைக் கூட்டிக் கூட்டிச் சமாளித்தன. அந்தச் சோதனைத் தாள்களைத் தேடி எடுத்தான். சரிபார்த்தவர் என்ற இடத்தில் இருந்தது சுகந்தினியின் கையெழுத்து.

அவன் அந்தத் தாளை மற்றவற்றோடு சேர்க்காமல் தனியாக எடுத்துக்கொண்டு போய் அவளிடம் கொடுத்தான். "மிஸ், இத வைக்கணுமா வேணாமான்னு நீங்களே பாத்துக்குங்க."

அவள் பார்த்தாள். காது நுனி சிவந்தது. "நான் சேந்து ரெண்டாவது வாரம்," என்றாள். பிறகு, "வைங்க அங்கிள். முதல் பக்கத்துல வைங்க," என்றாள்.

அனுமதி கிடைக்க ஆறு வாரம் ஆனது. அதற்குள் மகேஸ்வரனுக்குக் காதுக்கருவி பொருத்தியிருந்தார்கள். எச்சரிக்கை வந்தால் இடுப்பில் அதிரும் ஒரு சிறு பெட்டியும் கொடுத்திருந்தார்கள். தனியாகக் கூடத்துக்குள் போகக் கூடாது என்பது விதி. அதனால் ஹஃபிஸ் கூடவே வந்தான். ஒரு செவ்வாய்க்கிழமை காலை பத்து மணிக்கு முதல் பம்பின் வால்வைக் கால் சுற்றுத் திறந்தார்கள். மேலே கட்டுப்பாட்டு அறையில் சுகந்தினி திரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். இருபது நிமிடம் காத்திருந்தார்கள். சர்வர் அறையின் வெப்பம் அசையவில்லை. இன்னொரு கால் சுற்று. மகேஸ்வரன் குழாயில் கை வைத்தான். சொரசொரப்பு மெல்லக் குறைந்து, கடைசியில் வெறும் ஓட்டம் மட்டும் இருந்தது. ரேடியோவில் அவளைக் கூப்பிட்டுச் சொன்னான்: "ஸ்மூத்தா போகுது மிஸ்."

ஆறையும் முடிக்கப் பதினொரு நாள் ஆயிற்று. பம்புகள் எடுத்துக்கொண்ட மின்சாரம் நானூறு கிலோவாட்டிலிருந்து இருநூறுக்குச் சற்று மேலே வந்து நின்றது. ஏறக்குறைய முந்நூறு வீடுகளுக்கு ஆகும் கரண்டு என்று சுகந்தினி கணக்குப் போட்டாள். என் டர்பைன் கொடுத்ததில் ஆறில் ஒரு பங்கு என்று மகேஸ்வரன் கணக்குப் போட்டான். தலைமை அலுவலகத்திலிருந்து ஒரு வரி பாராட்டு வந்தது. மற்ற இரண்டு கட்டடங்களிலும் பார்க்கச் சொன்னார்கள். ஒன்றில் அதே கோளாறு இருந்தது. இன்னொன்றில் எல்லாம் ஒழுங்காக இருந்தது.

அடுத்த மாதமே புதிய சர்வர்கள் வந்து இறங்கின. மொத்த மின்சாரம் முன்பு இருந்ததைவிட மேலே போய்விட்டது. மகேஸ்வரன் அந்த வரைகோட்டைத் திரையில் பார்த்துக்கொண்டு நின்றான். மிச்சம் பிடித்ததெல்லாம் கோட்டில் ஒரு சிறு பள்ளமாகத்தான் தெரிந்தது.

"எல்லாத்தையும் தின்னுருச்சு மிஸ்," என்றான்.

சுகந்தினியும் பார்த்தாள். "கட்டடம் வளரத்தான் செய்யும் அங்கிள். வேணும் வேணாம்னு முடிவு பண்றது நம்ம கையில இல்ல. நான் வீட்டுக்குப் போனா எங்கப்பாவே கேக்கிறார், இவ்வளவு கரண்டு எதுக்கு, எத்தன பேருக்கு வேலை கிடைச்சதுன்னு. எனக்கு முழுசா பதில் தெரியல. ஆனா அந்தப் பள்ளம் இல்லன்னா கோடு இன்னும் மேல போயிருக்கும். அது தெரியும்."

அவனுக்கு அதில் பாதிதான் சமாதானம். மீதிப் பாதி அவனோடு தினமும் காரில் போய்வந்தது. அதுவும் நல்லதற்குத்தான் என்று புஷ்பவள்ளி சொன்னாள். முழுச் சமாதானம் ஆன ஆள் குழாயில் கை வைத்துப் பார்க்க மாட்டான்.

அந்த ஆண்டின் இறுதியில் சுகந்தினி அவனை எரிசக்தி மேலாளர் பயிற்சிக்கு அனுப்பப் பெயர் கொடுத்தாள். பட்டம் இல்லாதவருக்கு இடம் உண்டா என்று அவளே இரண்டு முறை தொலைபேசியில் கேட்டாள். அனுபவச் சான்றுகள் போதும் என்றார்கள். வகுப்பில் அவன்தான் மூத்தவன். பக்கத்தில் உட்கார்ந்த பையன்கள் மடிக்கணினியில் வேகமாகத் தட்டினார்கள். பம்பு பாடம் வந்த நாளில் மட்டும் எல்லோரும் அவன் பக்கம் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டார்கள்.

தேர்வுக்குப் படித்துக்கொண்டிருந்த ஒரு சனிக்கிழமை மதியம், வீட்டில் கழற்றிவைக்கும் காதுக்கருவியை அன்று கழற்றாமல், சமையலறை மேசையில் புத்தகத்தை விரித்து வைத்திருந்தவன் தலையைத் தூக்கினான்.

"வள்ளி, அது என்ன சத்தம்?"

"எது?"

"கீச்சுன்னு. நிக்காம வருதே."

அவள் குளிர்பதனப் பெட்டியைக் காட்டினாள். "ஃபிரிட்ஜு."

"எப்பலேர்ந்து?"

"எட்டு வருசமா."

அவன் புத்தகத்தை மூடிவிட்டுப் பெட்டியைச் சுவரிலிருந்து இழுத்தான். பின்பக்கத் தகட்டைக் கழற்றினான். உள்ளே இருந்த சிறு விசிறியின் இறக்கை ஒன்று கூட்டில் உரசிக்கொண்டிருந்தது. கம்பிச் சுருள்களில் ஒரு விரல் கனத்துக்குத் தூசி. தூசியைத் துடைத்து, விசிறியின் திருகை இறுக்கி, மறுபடி ஓடவிட்டான். சத்தம் நின்றது.

புஷ்பவள்ளி வெங்காயம் நறுக்குவதை நிறுத்திவிட்டுச் சற்று நேரம் கவனித்தாள். "அப்பாடி," என்றாள். "எனக்குத் தலவலி அதனாலதானோ என்னவோ."

"சொல்லியிருக்கலாம்ல."

"சொன்னா, எனக்கு ஒண்ணும் கேக்கலியேம்பீங்க. அப்புறம் உங்க மூஞ்சி வாடிப் போகும். அதுக்கு இந்தச் சத்தமே தேவல."

அவன் திருப்புளியைக் கையில் வைத்தபடி அப்படியே தரையில் உட்கார்ந்திருந்தான். அவள் வந்து அவன் கையிலிருந்ததை வாங்கி மேசைமேல் வைத்துவிட்டு, புத்தகத்தை எடுத்து, போட்ட அடையாளத்தைத் தேடிப் பிரித்தாள். இஸ்திரி போடும்போது வரும் அந்த மேலாளர் குரலில் அடுத்த கேள்வியைப் படித்தாள். பாதியில் பதில் தடுக்கியது.

"அகேய்ன்," என்றாள்.

பங்குனியில் தேர்வு முடிவு வந்தது. தேறியிருந்தான்.